கோர்ட் பக்கத்து டைப்பிங் அக்கா கடை: 5க்கு 3½

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 3½. அந்த ஒன்றரை எங்கே போனது என்பது பின்னால் வரும். ராமநாதபுரம் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. நான் சொல்வது அதில் ஆகச் சின்னது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எந்நேரமும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் டேபிள் ஃபேன், வருகிறவர் உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா தனியாக நடத்துகிறார். கடைப் பெயரைப் போடவா என்று கேட்டதற்கு, "வேணாம் தம்பி, இருக்குற கூட்டத்துக்கே எனக்குக் காபி குடிக்க நேரமில்ல" என்றார். அதனால் பெயர் கிடையாது.

மனு டைப் அடிக்கிற கடைக்கெல்லாம் ரிவ்யூவா என்று கேட்பீர்கள். வக்கீல் வைக்காமல் தானே கோர்ட்டில் மனுப் போடுகிறேன் என்று கிளம்பிய ஆள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அதுவும் ஐ.பி. மனு (கடனைக் கட்ட முடியவில்லை என்று கொடுக்கும் திவால் மனு, பேச்சில் மஞ்சள் கடுதாசி) என்றால், முழுசாகப் படியுங்கள்.

என் வீட்டுக்காரியின் தம்பி பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறான். படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து மீனை எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து, வெளியூருக்கு லோடு ஏற்றிவிடுவான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரம், பாம்பன் பக்கம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியதே, அந்த மழையில் கொட்டகையில் அடுக்கியிருந்த சரக்கெல்லாம் ஊறிப் புழுத்துப்போனது. அதைச் சமாளிக்க ஒரு கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன், போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கூட்டிப் பார்த்தால் 12 பேருக்கு 19 லட்சம். வக்கீலைப் பார்ப்போம் என்றேன். "வக்கீலுக்குக் குடுக்கக் காசு இருந்தா நான் ஏன் மச்சான் மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறேன்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவனாகவே எங்கள் பக்கம் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 1500 ரூபாய் கொடுத்து மனு தயார் செய்துகொண்டு வந்தான். ஆதார் திருத்தம், பான் கார்டு, கரண்ட் பில் எல்லாம் அங்கே நன்றாகத்தான் செய்வார்கள், நானே போயிருக்கிறேன். மனு 14 பக்கம், ஸ்பைரல் பைண்டிங் வேறு. கல்யாண ஆல்பம் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறி, உச்சிப்புளி தாண்டி, ராமநாதபுரம் சார்பு நீதிமன்ற அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். சில நாள் கழித்து அதே ஆல்பம் திரும்பி வந்தது, மேலே சிவப்பு மையில் நாலு வரியோடு. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, சொத்துப் பட்டியல் எங்கே, கடன் கொடுத்தவர்களின் முழு முகவரி எங்கே, கோரும் பரிகாரம் என்ன. அவ்வளவுதான். அலுவலகத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. என்ன எழுதினால் சரியாக வரும் என்று அவர்கள் சொல்லித்தரக் கூடாது, எது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

அந்தச் சிவப்பு மையோடு வெளியே வந்து நின்றபோதுதான் டீக்கடைக்காரர் அக்கா கடையைக் கைகாட்டினார்.

பென்டிரைவைக் கொடுத்தோம். ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடுமாக இருக்கிறது. அங்கே பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், அக்கா வைத்திருப்பது வானவில். "எழுத்துருவ மாத்திக் குடுத்துர்லாம், அது ரெண்டு நிமிஷம். பேப்பரக் காட்டு" என்று வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆல்பத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "நான் எப்பவுமே கடைசிலருந்துதான் படிப்பேன். இந்த ஆளுக்கு என்ன வேணும்னு தெரியாம முன்னாடி கதையப் படிச்சு என்ன செய்ய?"

கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: "ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் தக்க நடவடிக்கை எடுத்து, மேற்படி கடன்காரர்களிடமிருந்து மேற்படி கடன்காரரைக் காப்பாற்றி, மனுதாரரின் வாழ்வில் ஒளியேற்றுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார், "ஒளியேத்துறதுக்குக் கோர்ட்ல எந்தப் பிரிவு தம்பி?"

சிரித்துவிட்டோம், ஆனால் விஷயம் ஒளியில் இல்லை, 'கடன்காரர்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் பேச்சில் கடன் கொடுத்தவனும் கடன்காரன்தான், வாங்கினவனும் கடன்காரன்தான். கடன்காரன் வாசலில் வந்து நின்றான் என்றால் கொடுத்தவன், அவன் ஊரெல்லாம் கடன்காரன் என்றால் வாங்கினவன். பேசும்போது முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம், தாளில் முகம் ஏது? 14 பக்கத்திலும் இரண்டு பேருக்கும் ஒரே சொல். ஐந்தாவது பக்கத்தில் "கடன்காரர் கடன்காரர் வீட்டுக்கு இரவு 10 மணிக்கு வந்து மிரட்டினார்" என்று ஒரு வரி. யார் யாரை மிரட்டினார் என்று அடித்தவருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அக்கா பென்சிலால் ஒவ்வொன்றையும் சுழித்து, கொடுத்தவர் என்றால் 'கடனீந்தோர்', வாங்கினவன் என்றால் 'கடனாளி' என்று மேலே எழுதிக்கொண்டே போனார். முப்பது இடத்துக்கு மேல் வந்தது. எட்டாவது பக்கத்தில் இன்னொரு அதிசயம், "மேற்படி விசைத்தறித் தொழிலில் ஏற்பட்ட நஷ்டத்தால்" என்று இருக்கிறது. பாம்பனில் விசைத்தறி! யாரோ கொங்கு நாட்டுக்காரர் மனுவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மனுவின் தலைப்பில் 2016 ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தைப் போட்டிருந்தார்கள். இணையத்தில் திவால் என்று தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது, ஏமாறுவது சகஜம். அந்தச் சட்டத்தில் தனிநபருக்கென்று ஒரு பகுதி இருப்பது உண்மைதான். ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மாதிரி ஆட்களுக்கு இன்றைக்கும் 1920 ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909 ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. 1920 சட்டப்படி கடன் 500 ரூபாய் இருந்தாலே கடனாளி மனுப் போடலாம். அந்தக் காலத்துத் தொகை, யாரும் மாற்றவில்லை. 500 ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல சீலாக் கருவாடு ஒரு கிலோ வருமா என்பதே சந்தேகம்.

அப்புறம் அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்து, "ஒனக்கு என்ன வேணும்? ஒரே வரியில சொல்லு" என்றார். அவன் ஆரம்பித்தான். வட்டியை நிறுத்தணும், ராத்திரி வீட்டுக்கு ஆள் வருவதை நிறுத்தணும், பேங்க் ஏலத்தை நிறுத்தணும், செக் கேசை எடுக்கணும், ஒரு படகுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரணும். ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அந்த அம்மா நடுவில் பேசவே இல்லை. முடித்ததும் ஒரு பழைய தாளின் முதுகில் ஒவ்வொன்றாக எழுதி, எதிரே எந்த வாசல் என்று போட்டார். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வாங்கிய பேங்க், அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுக்க விடும் சர்பாசி சட்டத்தில் நோட்டீஸ் விட்டிருந்தால் அதற்கு மதுரையில் கடன் வசூல் தீர்ப்பாயம், அதுவும் பேங்க் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள். ஐ.பி. போட்டாலும் அடமானம் வைத்திருப்பவன் கையை அது கட்டாது. செக் கேஸ் கிரிமினல், அதற்கு ஆஜராகித்தான் ஆகணும். மீட்டர் வட்டி கேட்டு மிரட்டினால் போலீஸ், கந்துவட்டிக்கு 2003 இல் வந்த சட்டம் இருக்கிறது. கைது ஆகாமல் பாதுகாப்பு வேண்டுமென்றால் நொடித்தவர், அதாவது திவாலானவர், என்று உத்தரவு ஆன பிறகு அதற்குத் தனி மனு. இத்தனையும் கழித்த பிறகு இந்த மனுவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, இந்தச் சட்டப்படி என்னை நொடித்தவர் என்று அறிவியுங்கள். "இதான் ஒன் மனு. மத்தது எல்லாம் வேற வேற கதவு. எல்லாக் கதவையும் ஒரே சாவியால தெறக்கப் பார்த்தா சாவிதான் ஒடையும்."

அதோடு, "நான் வக்கீல் இல்ல, நான் சொல்றத சட்டம்னு எடுத்துக்காத. முப்பது வருஷமா இந்தப் பேப்பரத்தான் அடிக்கிறேன், அதுல பார்த்தது" என்றும் சொன்னார். மரியாதையான பேச்சு. எங்கள் பக்கத்துச் சென்டரில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆதார் நம்பர் மட்டும் கேட்டார்களாம்.

அக்கா கேட்ட கேள்விகளை நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்த 1920 சட்டத்தின் 13 ஆம் பிரிவில், கடனாளி மனுவில் என்னென்ன இருக்கணும் என்று ஒரு வரிசை உண்டு, அப்படியே அதுதான். கட்ட முடியவில்லை என்ற வாசகம், எங்கே குடியிருக்கிறாய், எங்கே தொழில், எந்தக் கோர்ட்டாவது ஜப்தி அல்லது கைது உத்தரவு போட்டிருக்கிறதா, யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் முகவரி, உன் சொத்து என்னென்ன, அது எங்கே கிடக்கிறது, மதிப்பு எவ்வளவு, இதற்கு முன் ஐ.பி. போட்டிருக்கிறாயா, சொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கோர்ட்டில் ஒப்படைக்கத் தயாரா. 'சொத்து என்ன' என்றதும் இவன் "ஒண்ணும் இல்லக்கா" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் போல. "கொட்டகையில சரக்கு?" "ஒரு எண்பது கிலோ இருக்கும்." "அப்ப எழுதணும். படகுக்காரங்க ஒனக்குத் தர வேண்டியது?" "ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஆனா அது வராதுக்கா." "வருதோ வரலியோ, வர வேண்டிய பாக்கியும் சொத்துதான். எழுது." பனியன், சட்டை, சமையல் பாத்திரம், படுக்கை, வீட்டுப் பெண்ணின் தாலி மாதிரி மதவழக்கப்படி கழற்றக் கூடாத நகை, இதெல்லாம் ஜப்திக்கு வராது, அதைப் பற்றிக் கவலைப்படாதே என்றும் சொன்னார்.

அடுத்த கேள்விதான் எனக்கு வினையாக வந்தது. "கடைசி ரெண்டு வருசத்துல யாருக்காவது ஏதாவது எழுதிக் குடுத்தியா?"

மச்சினன் தரையைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். எட்டு மாசத்துக்கு முன்னால் உச்சிப்புளிப் பக்கம் அவன் பெயரில் இருந்த 5 சென்ட் இடத்தை அவன் அக்காவுக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் மேல் இருந்த பாசத்தில் நாங்களும் வாங்கிக்கொண்டோம், காப்பாற்றி வைப்போம் என்று. (பாசம் மட்டும்தானா என்று நீங்கள் கேட்டால் நான் சத்தியம் பண்ண மாட்டேன்.) இரண்டு பேரும் பேசாமல் இருந்ததைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "மறைச்சு எழுதச் சொன்னா நான் அடிக்க மாட்டேன், அந்தக் கடைக்கே போங்க" என்றார், குரலை உயர்த்தாமலே. இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததை, பணம் கொடுத்து நல்லபடியாக வாங்கியவர் தவிர மற்றவர்களிடமிருந்து, ரிசீவர் (கடனாளியின் சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் போடும் ஆள்) கேட்டு ரத்து செய்ய வைக்கலாமாம். 53 ஆம் பிரிவு. ஒருத்தருக்கு மட்டும் சலுகை காட்டி மூன்று மாதத்துக்குள் கடனைத் தீர்த்திருந்தாலும் அதே கதி. சொத்தை மறைப்பது தனிக் குற்றம், ஒரு வருஷம் வரை சிறைகூட உண்டு. எழுதச் சொன்னோம். அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

புது மனு 6 பக்கம். சம்பவங்கள் தேதிவாரியாக, ஒரு பத்திக்கு ஒரு விஷயம். மேகம் கொட்டியதற்கு இரண்டு வரிதான் கொடுத்தார், 14 பக்கத்தில் அதற்கே மூன்று பக்கம் இருந்தது. கடன் பட்டியல் ஒரு அட்டவணை, சொத்துப் பட்டியல் ஒரு அட்டவணை. கதவிலக்கம், தெரு, பின்கோடு இல்லாத முகவரியை அடிக்கவே மாட்டேன் என்று, தண்டல் கொடுத்த ஒருவருடைய வீட்டு நம்பரைப் போய்ப் பார்த்துவரச் சொல்லி எங்களை மண்டபத்துக்கே திருப்பி அனுப்பினார். கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் 12 பேரும் எதிர்மனுதாரர்கள், 12 பேருக்கும் நோட்டீஸ் போகணும், அதை அனுப்பும் செலவுக்குப் பேட்டா கட்டணும், ஒரு முகவரி தப்பினால் அதற்காகவே இரண்டு வாய்தா ஓடும்.

இனி அந்த ஒன்றரை மார்க். முதல் அரை, விலைக்கு. பக்கத்துக்கு 40 ரூபாய், திருத்தி அடித்தால் அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் 40. தப்பு நம்முடையதாக இருந்தால் சரி, இரண்டு இடத்தில் அவர் கைத்தவறு, அதற்கும் வாங்கினார். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். அடுத்த அரை, காத்திருப்புக்கு. டோக்கன் எல்லாம் கிடையாது, கறுப்புக் கோட்டுப் போட்டவர் குமாஸ்தா யார் வந்தாலும் அவர்கள் வேலை முன்னால் போகும், நம் மாதிரி ஆட்கள் வெயிலில் நிற்கணும். காலையில் 10 மணிக்குப் போய் மதியம் 3 மணிக்கு உட்கார்ந்த நாள் உண்டு.

கடைசி அரைதான் முக்கியம். இவ்வளவும் முடிந்த பிறகுதான், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டே, "எதுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல ஒரு தடவ காட்டிருங்க" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது, தகுதி உள்ளவர்களுக்கு இலவசமாக வக்கீலே வைத்துத் தருவார்கள், 1987 ஆம் வருஷத்துச் சட்டம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் வருமானம்கூடப் பார்ப்பதில்லை, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டாலே விவரம் சொல்வார்கள். நாங்கள் போனோம். அங்கே இருந்த வக்கீலம்மா 6 பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு குறை என்றார். மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடும் சரிபார்ப்புப் பத்தியில் எந்தெந்தப் பத்தி நேரடியாகத் தெரிந்தது, எது பிறர் சொல்லித் தெரிந்தது என்று எண் போட்டுப் பிரிக்கவில்லை, இடமும் தேதியும் இல்லை. அது இல்லாமல் கொடுத்திருந்தால் மறுபடியும் சிவப்பு மைதான். முப்பது வருஷ அனுபவத்துக்கும் அது தவறிவிட்டது. திருத்தி அடிக்கப் போனபோது அதைச் சொன்னேன். அக்கா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

இன்னொன்றும் அந்த வக்கீலம்மா சொன்னார், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாதது. மஞ்சள் நோட்டீஸ் விட்டாலே கடன் போச்சு என்று நினைக்கிறார்கள். நொடித்தவர் என்று உத்தரவு போடும்போதே, இத்தனை காலத்துக்குள் கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்டு மனுப் போடு என்று கெடு வைப்பார்கள். அந்தக் கெடுவில் போடாவிட்டால் உத்தரவையே ரத்து செய்துவிடலாம், மறுபடி ஐ.பி. போடக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். விடுவிப்பு கிடைத்தாலும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, மோசடி பண்ணி வாங்கியது, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம், இதெல்லாம் போகாது.

மறுதாக்கல் செய்து இரண்டு வாரத்தில் மனுவை ஏற்றுக்கொண்டு வழக்கு நம்பர் ஆகிவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது, அது என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை. போகிறவர்கள் பென்டிரைவ் கொண்டுபோக வேண்டாம், கடன் வாங்கிய நோட்டு, பத்திர நகல், வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஜிபே இருக்கிறது. மதியம் 2 முதல் 3 வரை கதவு பாதி சாத்தியிருக்கும், தட்டாதீர்கள், திட்டு விழும். முன்னால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்விட்டு அப்புறம் இங்கே வாருங்கள், எங்களை மாதிரித் தலைகீழாகப் போகாதீர்கள்.

நம்பர் ஆன சந்தோஷத்தில் மச்சினன் அக்காவுக்குக் கொடுக்க இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். டேபிளில் வைத்ததும் கடை முழுக்க வாசம். அக்கா பொட்டலத்தைத் தொடவில்லை. "சரக்கு இருப்பு எண்பது கிலோன்னு நான்தானே தம்பி அடிச்சேன்? இப்ப எழுபத்தெட்டாச்சுன்னா யாரு பதில் சொல்றது? எடுத்துட்டுப் போய்ப் பழைய எடத்துல வை" என்றார்.